போண்டாவுக்கு ஈரப் படுக்கை

முப்பத்தெட்டு. காலையில் ஈரப்பத மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. பதினொரு மணிக்கு ஸ்ப்ரே பாட்டிலால் நாலு பக்கமும் அடித்தபோது ஐம்பத்தைந்துக்குத் துள்ளியது, நான் சந்தோஷமாகப் போய் ரசம் தாளித்துவிட்டு வந்து பார்த்தால் முப்பத்தெட்டு. அடித்த தண்ணீர் எங்கே போனது? இது கேள்வியா மோகனசுந்தரம், இருபது வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் காற்றுக்கு ஈரம் ஊட்டுகிற வேலை பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா? காற்று காய்ந்தால் நூல் அறும், ஈரம் கூடினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே ஒரு மில் முழுக்கக் காற்றைப் பிடித்து நிறுத்துகிறவன், ஷிப்டில் எல்லோரும் மழை மேஸ்திரி என்று கூப்பிடுகிறவன், தன் வீட்டு ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற காற்றிடம் தோற்றுப்போய் லுங்கியோடு குந்தியிருக்கிறான். தொட்டிக்குள் போண்டா. போண்டா என்பது பாம்பு, என் மனைவி கோகிலவாணியின் பாம்பு, ஆப்பிரிக்க இனம், பால் பைத்தான் என்று பெயர். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் பால். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த என் அத்தை இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு கிண்ணம் பசும்பாலோடு வந்து தொட்டி முன்னால் நின்றது இன்னும் எனக்குச் சிரிப்புத்தான். சிரிக்கிற நேரமா இது? தொட்டிக்குள் வெறும் செய்தித்தாள் விரித்திருக்கிறது. போன மாதம் செதிலுக்கடியில் உண்ணி ஏறிவிட்டதால் கோகிலா பழைய படுக்கையை எல்லாம் கொட்டிவிட்டுத் தாளை விரித்தாள், உண்ணி ஒழிந்தது, ஆனால் தாள் ஈரத்தை வைத்துக்கொள்கிற ஜாதி இல்லை, வாங்கின கையோடு விட்டுவிடும். மேலே மூடி கம்பி வலை. அடியில் சூட்டுப் பட்டை. வெளியே பங்குனிக் காற்று. கீழே சூடு, மேலே ஓட்டை, நடுவில் காகிதம், இதில் ஈரம் எப்படி நிற்கும்.

கோகிலா கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். பத்து நாள் முகாம் என்று வால்பாறைக்கு மேலே எஸ்டேட் எஸ்டேட்டாகப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். அவள் போன மூன்றாம் நாள் போண்டாவின் கண் இரண்டும் புகை மூடினாற்போல் நீலம் பாய்ந்து போயின. சட்டை உரிக்கப் போகிறது, எல்லாப் பாம்புக்கும் இப்படித்தான் என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்ததால் நான் பதறவில்லை. அப்புறம் எனக்கு ஐந்து நாள் டபுள் ஷிப்ட். இன்று சனிக்கிழமை, லீவு, லைட்டைப் போட்டுக் கிட்டத்தில் பார்த்தால் கண் பளிச்சென்று மிளகு மாதிரி தெளிந்திருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அவளுக்குச் செய்தி அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. எங்கேயோ ஒரு மேட்டில் ஏறி நின்று பேசுகிறாள் போலிருக்கிறது, காற்று இரைகிறது. "ஏனுங்க, எப்பத் தெளிஞ்சுது?" என்றாள். "தெரியல கண்ணு, காலையிலதான் பார்த்தேன். சரியாப் போச்சு." "சரியாப் போகலீங்க, இனிமேதான் இருக்குது. கண்ணு தெளிஞ்சுதுன்னா இன்னிக்கோ நாளைக்கோ உரிச்சுரும். மீட்டர் எவ்வளவு காட்டுது?" சொன்னேன். "அய்யோ! போன தடவையாட்டவே பிச்சுப் பிச்சு வருமுங்க. அறுபதுக்குக் கீழ போகவே கூடாது. அந்தப் பேப்பரையெல்லாம் எடுத்துட்டு, ஈரம் தாங்கற மாதிரி எதாச்சும் வாங்கிப் பரப்பி உட்டுருங்க. போண்டாவைத் தூக்கி மூடி போட்ட டப்பாவுல வெச்சுட்டு மாத்துங்க, அதான் உங்களுக்குப் பயமில்லையே. என்ன வேணா வாங்குங்க, ஆனா..." அதோடு சரி. மேடு முடிந்துவிட்டதா, சிக்னல் முடிந்துவிட்டதா, திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆனா என்ன? ஆனா மணல் வேண்டாமா? ஆனா மேலே தெளிக்காதீங்களா? ஆனா கையைக் கழுவிட்டு எடுங்களா? ஆனா உங்களுக்கு நெசமாலுமே பயமில்லையா?

அதான் உங்களுக்குப் பயமில்லையே. சட்டையை மாட்டினேன், வண்டிச் சாவியை எடுத்தேன், அந்த ஒரு வரி காதுக்குள் கூடவே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் எனக்குப் பெண் அமையவில்லை. இது ஒன்றும் ஊரில் அதிசயம் இல்லை, எங்கள் மில்லிலேயே என்னைப்போல் ஆறு பேர் இருந்தோம். மில் வேலையா, நைட் ஷிப்டா, சொந்த வீடு இல்லையா, தலையில் முடி இவ்வளவுதானா என்று வரிசையாகக் கேட்பார்கள், காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். கோகிலா வீட்டுக்குப் போனபோது மாத்திரம் பெண்ணே நேராகப் பேசினாள். முப்பத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடி, பயமில்லாத குரல். "என்கிட்ட ஒரு பாம்பு இருக்குதுங்க. கவர்மென்ட்ல பதிவு பண்ணுன பேப்பரும் இருக்குது. நான் எங்க போனாலும் அதுவும் வரும். யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்தேனா? ஒரு விநாடி கூட இல்லை. புலி இருக்குது என்று சொல்லியிருந்தாலும் அதே பதில்தான் சொல்லியிருப்பேன். "எனக்குப் பாம்புன்னா உசுருங்க" என்றேன். வாயில் எங்கிருந்துதான் வந்ததோ. கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னாள், பிடிக்காத மாப்பிள்ளைகளை விரட்டத்தான் பாம்புப் பேச்சை எடுப்பாளாம், பதினோரு பேர் காபி டம்ளரை வைத்த கையோடு எழுந்து போய்விட்டார்களாம், உங்களையும் விரட்டத்தான் பார்த்தேன், நீங்க உசுருன்னுட்டீங்க, நான் அசந்துட்டேன் என்றாள். அசந்தவளிடம் போய் எப்படிச் சொல்வது? பத்து மாதமாகச் சொல்லவில்லை. அவள் போண்டாவை வெளியே எடுத்தால் எனக்கு போன் வரும், கேஸ் சிலிண்டர் வரும், மொட்டை மாடியில் துணி காயும். எலி வைக்கிற புதன்கிழமைகளில் நானாகவே கேட்டு ஓவர்டைம் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் அவள் கழுத்தைச் சுற்றி அது மாலை மாதிரி தொங்க, "வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று கூப்பிட்டாள். நான்தானே எடுக்க வேண்டும் என்று செல்போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு கஜ தூரத்தில் நின்று பதினேழு போட்டோ எடுத்தேன். எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பதினேழிலும் நான் இல்லை.

சிக்னலில் சிவப்பு. வெயில் ஹெல்மெட்டுக்குள் இறங்குகிறது. போன தடவை உரித்தது தை மாதத்தில். முழுச் சட்டையாகக் கழன்று வரவேண்டியது, வாழைச் சருகு மாதிரி துண்டு துண்டாகக் கிழிந்து, வாலில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டு, இடது கண்ணின் மேல் கண்ணாடிச் சில்லு போல் பழைய தோல் நின்றுவிட்டது. பாம்புக்கு இமை கிடையாது, அந்தத் தோல்தான் இமை, அது கழலாமல் அடுத்ததும் அதன்மேல் வந்தால் கண்ணே போய்விடும் என்று கோகிலா சொன்னாள். ஒரு நாளைக்கு நூறு பேர் கண்ணைப் பார்க்கிறவள், மிளகளவு கண் ஒன்றுக்காகப் பதினெட்டு நாள் சாயங்காலம் வந்ததும் சேலை கூட மாற்றாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினெட்டாம் நாள் அது கழன்று அவள் விரல் நுனியில் வந்தபோது ஓவென்று அழுதாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போய்த் தோளைத் தொட்டிருக்க வேண்டும். மடியில் அது இருந்தது. பாம்பு கடித்துவிடும் என்றா போகவில்லை? அது கடிக்காது என்று எனக்குத் தெரியும், பத்து மாதத்தில் அது கொட்டாவி விட்டுத்தான் பார்த்திருக்கிறேன். பின்னே என்ன? பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஒருத்தர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார், போகிறேன் சார், போகிறேன், பாம்புக்குப் படுக்கை வாங்கத்தான் போகிறேன், உங்களுக்கு என்ன அவசரம், பூனைக்குத் தலையணையா?

உக்கடத்துக்குப் பக்கத்துச் சந்தில் மீனும் கிளியும் முயலும் விற்கிற கடை, கடைக்காரர் ஜபருல்லா, கோகிலாவை நன்றாகத் தெரியும். "மேடம் வரலீங்களா?" என்றார். "முகாமுக்குப் போயிருக்குதுங்க பாய். பாம்புத் தொட்டிக்குக் கீழ போடறதுக்கு, ஈரம் நிக்கற மாதிரி எதாச்சும் வேணும். இன்னிக்கே." "ஈரமா? அஞ்சு தினுசு இருக்கு, பாருங்க" என்று அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்தார். மரச்சீவல் முதலில். அடடா, என்ன வெள்ளை, என்ன மெது, எங்கள் மில் பஞ்சு மாதிரியே கையில் அமுங்கி எழும்புகிறது, சீவின பென்சில் வாசனை வேறு. நானே படுத்துக்கொள்வேன். "இதுல தண்ணி ஊத்தலாமுங்களா?" "ஊத்தவே கூடாது சார், ரெண்டே நாள்ல பூஞ்சணம் புடிச்சுரும். இது காஞ்ச ஊர்ப் பாம்புக்கு." அழகாக இருந்து என்ன, வைத்துவிட்டேன். அடுத்ததும் சீவல்தான், கொஞ்சம் சிவப்பு, பையைத் திறந்ததுமே வாசனை முகத்தில் அறைந்தது. "தேவதாரு சார். வீட்டுல நாத்தமே வராது." நாற்றம் வராது, சரி, ஆனால் போண்டா மூக்கால் மட்டுமா முகர்கிறது? நிமிஷத்துக்குப் பத்துத் தடவை நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை நக்கிப் பார்க்கிறது. மிளகாய்த் தூள் மூட்டை மேல் படுத்து மூச்சு விடுகிற மாதிரி அல்லவா இருக்கும். கோகிலாவின் ஆனா இதுவாக இருக்குமோ? இதுதான், இதேதான், வேறென்ன, இல்லை, மணலாகவும் இருக்கலாம். செம்மணல் மூன்றாவது, பாலைவனப் படம் போட்ட பை, வேண்டாம். நான்காவது பச்சைக் கம்பளம், கல்யாண மண்டப மேடையில் புல் என்று ஏமாற்றுவார்களே அது, தண்ணீர் பட்டால் வழிந்து ஓடுகிற நெகிழி. ஐந்தாவது தேங்காய் மட்டையைச் சிறு சிறு சில்லாக வெட்டினது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. இது குடிக்கும். இது குடித்துவிட்டு மெதுவாக, யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக விடும். மில்லில் நாங்கள் தேடுவதும் அதைத்தானே, தரையில் தண்ணீர் தேங்கக்கூடாது, காற்றில் ஈரம் இருக்கவேண்டும். "இதாங்க பாய், இதைக் குடுங்க, எத்தனை பை இருக்குது?" "ஒன்னுதான் சார் இருக்கு. செவ்வாய்க்கிழமை சரக்கு வரும்." அந்த ஒன்றும் ஒரு கிலோ. நாலடித் தொட்டிக்கு நாலு விரல் ஆழம் போட இது மூலைக்குக் காணாது. பை மேல் ஏதோ வெளிநாட்டுக்காரன் பாம்பை வைத்துக்கொண்டு சிரிக்கிறான், திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பொள்ளாச்சி. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கூண்டுக்குள் கிளி ஒன்று பதிலுக்குக் கத்தியது. நாற்பது கிலோமீட்டர் பக்கத்தில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிற மட்டையும் நார்த்தூளும் கப்பல் ஏறிப் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு உக்கடத்துக்கு வந்திருக்கிறது. அந்த ஒரு பையையும், தண்ணீரில் போட்டால் உப்புகிற காய்ந்த பாசி ஒரு கட்டையும் வாங்கிக்கொண்டேன். மிச்சத்துக்கு நார்த்தூள். நார்த்தூளுக்கு நர்சரி.

பேரூர் ரோட்டில் ஒரு நர்சரி. ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே தலையில் துண்டு கட்டின ஒரு அக்கா ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நார்த்தூள் கட்டி வேணுமுங்க்கா, நாலு." "என்ன செடிக்குங்க?" என்ன செடிக்கு. ரோஜா என்று சொல்லிவிடலாம், பொய் சொல்வது எனக்கு வராத வித்தையா? ஆனால் சொல்லவில்லை. "பாம்புக்குங்க" என்றேன். ஹோஸ் அவர் காலிலேயே கொட்டிற்று. "பாம்பு வராம இருக்கறதுக்குங்களா?" "இல்லீங்க, பாம்பு படுக்கறதுக்கு. வீட்டுல வளக்கறோம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடிக்காதுங்களா?" "கடிக்காதுங்க." "கையில எடுப்பீங்களா?" இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். "வீட்டுல எடுப்பாங்க" என்றேன். "அப்ப நீங்க எடுக்க மாட்டீங்களா?" இந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வியை முதல் தடவையாக ஒருத்தர் நேராகக் கேட்டுவிட்டார். எனக்கு ஏனோ லேசாக இருந்தது. "இன்னிக்கு எடுக்கோணுமுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு விதமாக எடுத்து வந்து வைத்தார். "இது வேப்பம்புண்ணாக்கும் உரமும் கலந்தது, செடி சும்மா தளதளன்னு வரும். இது வெறும் தூள்." செடி தளதளவென்று வரும், பாம்பு? வெறும் தூள்தான் வேண்டும். ஆனால் வெறும் தூளிலும் உப்பு இருக்கும், கழுவாத தூளில் வேர் கருகிவிடும் என்று ஒருதரம் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் மில்லில் சொல்லிக்கொண்டிருந்தார். "கழுவுனதுங்களா?" என்றேன். "கழுவுனதுதானுங்க, வேணும்னாப் பாருங்க." எப்படிப் பார்ப்பது? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். மண் வாசனை, மரம், கொஞ்சம் துவர்ப்பு, உப்பில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நாக்கை நீட்டி நல்லது கெட்டது பார்க்கிற இரண்டு ஜீவன்கள் இப்போது எங்கள் வீட்டில். அப்போதுதான் சட்டைப்பையில் செல்போன் துடித்தது, எந்த மேட்டில் ஏறினாளோ, கோகிலாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி. 'ஆனா தேவதாரு சீவல் மட்டும் வேண்டாம். அதுக்கு மூச்சு முட்டும்.' நான் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நின்று, வேறு யாரும் பாராட்ட இல்லாததால், நானே என் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது நாலே கால். மீட்டர் முப்பத்தாறு. பெரிய அன்னக்கூடையில் தண்ணீரை ஊற்றிக் கட்டியைப் போட்டேன். செங்கல் மாதிரி இருந்தது முனகிக்கொண்டு வெடித்து, உப்பி, அன்னக்கூடை விளிம்பைத் தாண்டிப் பொங்கியது, நாலில் இரண்டே போதும் போலிருக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தேன். சொட்டக்கூடாது, உதிரவும் கூடாது, கையைத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கவேண்டும். நின்றது. மட்டைச் சில்லை அதோடு கலந்தேன், பாசியை ஊறவைத்தேன், வலை மூடியில் முக்கால்வாசிக்கு அலுமினியத் தாளை ஒட்டினேன், செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் பார்த்தால் செய்யவேண்டியது ஒன்று மட்டும் அப்படியே தொட்டிக்குள் சுருண்டிருந்தது. மூடி போட்ட டப்பா தயார். மில் கையுறை இரண்டையும் மாட்டினேன். கழற்றினேன். உறை போட்டால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேன் என்று தெரியாதே, நசுக்கிவிட்டால்? அப்போது எனக்கு ஒன்பது வயது, மில் குவார்ட்டர்ஸில் இருந்தோம், குளியலறைச் சாக்கடை ஓட்டையிலிருந்து ஒரு பாம்பு வந்தது. கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. ஓடவேண்டும், கால் வரவில்லை. அது என் வலது பாதத்தின் மேல் ஏறி, அவசரமே இல்லாமல், முழு நீளத்துக்கும் கடந்து போயிற்று. குளிர்ந்த கயிறு. அவ்வளவுதான், ஒன்றும் செய்யவில்லை, வேலிப் பக்கம் போய்விட்டது. வெளியே என் அக்கா என்னடா சத்தமே காணோம் என்றாள், குளிக்கிறேன் என்றேன். முப்பத்துநாலு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன, ஒரு பாம்பு காலைத் தாண்டிப் போனது, இதிலென்ன இருக்கிறது என்பார்கள், எனக்கோ இன்னும் சில நாள் வலது பாதம் மட்டும் ஜில்லென்று ஆகும், அந்தச் சமயத்தில் எங்கே நின்றாலும் குனிந்து பார்த்துக்கொள்வேன். இப்போதும் பார்த்தேன். மொசைக் தரை, என் பாதம், வேறு ஒன்றுமில்லை. மேலேயிருந்து கை வரக்கூடாது, பருந்து என்று நினைத்துக்கொள்ளும், பக்கத்திலிருந்து, நடு உடம்புக்குக் கீழே, இரண்டு கையையும் கொடுத்து மெதுவாக. கோகிலா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். மூடியை எடுத்தேன். கையை விட்டேன். தொட்டேன்.

குளிரவில்லை. இதுதான் முதலில் தெரிந்தது. சூட்டுப் பட்டை மேல் படுத்திருந்ததால் இட்லித் துணி மாதிரி இளஞ்சூடு. கயிறு இல்லை, கனம், உள்ளே வரிசை வரிசையாகச் சதை அசைகிற கனம். தூக்கினேன். தூக்கியதும் அது என் இரண்டு உள்ளங்கைக்குள் ஒரு நொடியில் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, பந்தாகி, அப்படியே கல்லாகிவிட்டது. மூச்சு கூட விடக் காணோம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடப்பாவி, நீயுமா. குரல் வரவில்லை, கால் வரவில்லை, கால் இல்லை, அது வேறு விஷயம். "ஒன்னுமில்ல" என்றேன் சத்தமாக. "ஒன்னுமில்ல போண்டா, படுக்கை மாத்தத்தான்." யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். டப்பாவில் விடவேண்டும், இரண்டடி தூரம்தான், ஆனால் பயந்து சுருண்டதை அப்படியே கொண்டுபோய் இன்னொரு இருட்டில் போட மனசு வரவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்து கொஞ்சம் தளர்ந்தது. ஒரு மூக்கு வந்தது, நாக்கு வந்தது, என் மணிக்கட்டை நக்கிப் பார்த்தது, நார்த்தூள் வாசனையாக இருந்திருக்கும். அப்புறம் நிதானமாக அவிழ்ந்து, முன்கை மேல் ஏறி, அரைக்கைச் சட்டையின் கைக்குள் தலையை நுழைத்து, தோள்பட்டை வரைக்கும் போய் அங்கே சுகமாக நின்றுகொண்டது. இழுத்தால் இறுக்குகிறது. விட்டால் விடுகிறது. இழுப்பதை நிறுத்திவிட்டேன். அது போக்கில் இருக்கட்டும், இடது கை அதற்கு, வலது கை எனக்கு. ஒற்றைக் கையால் செய்தித்தாளை உருவினேன், ஒற்றைக் கையால் தொட்டியைத் துடைத்தேன், கிண்ணம் கிண்ணமாகப் படுக்கையை அள்ளிப் போட்டு நாலு விரல் ஆழத்துக்குப் பரப்பினேன், சூட்டுப் பட்டையின் கம்பியை ஓரமாக ஒதுக்கினேன், நாலு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை ஓரமாக இறக்கினேன், அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கவேண்டும், வயிற்றில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகிவிடும், ஈரம் காற்றில்தான் வேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாசியைப் பிழிந்து அது ஒளிந்துகொள்கிற குடுவைக்குள் வைத்தேன். என் கழுத்தோரம் நாக்கு ஒருதரம் பட்டது. சிலிர்த்தேன், சிரித்தும் விட்டேன், கூச்சம் தாங்காமல் தோளைக் குலுக்கிச் சிரிக்க, அது என்னடா இது என்று இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஷிப்டில் யாராவது இப்போது பார்க்கவேண்டும் மழை மேஸ்திரியை. கையைக் கொண்டுபோய்ப் படுக்கை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அஞ்சே கால், அஞ்சரை. கடைசியில் அதுவாகவே இறங்கியது. இறங்கி, மட்டைச் சில்லுக்குள் முகத்தைப் புதைத்து உழுதுகொண்டே போய்ப் பாசிக் குடுவைக்குள் பாதி உடம்பை வைத்தது. என் கை வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் காற்றுப் பட்டு ஜில்லென்று ஆனது, இதென்ன, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்றல்லவா தோன்றுகிறது எனக்கு.

மீட்டர் நாற்பத்தெட்டு. முகம் கழுவிவிட்டு வந்தால் ஐம்பத்தேழு. டீ போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தபோது அறுபத்துமூன்று, அப்போது கோகிலா கூப்பிட்டாள், முகாம் ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டதாம், ஆழியாறு வரைக்கும் இறங்கிவிட்டாளாம், பஸ்ஸில் பாட்டுச் சத்தம். "என்னங்க போட்டீங்க?" "நார்த்தூளும் மட்டைச் சில்லும். குடுவையில பாசி. அறுபத்துமூணு காட்டுது." "அறுபத்துமூணா! போண்டாவை டப்பாவுல வெச்சீங்களா, ஒன்னும் முரண்டு பண்ணலியே?" "டப்பாவுல வெக்கல. கையிலேதான் இருந்துது, முக்கால் மணி நேரம்." "பாருங்க, அதான் உங்களுக்குப் பயமில்லைங்கறது." டீயைக் கீழே வைத்தேன். "பயமிருக்குது கோகிலா." "என்னங்க?" "எனக்குப் பாம்புன்னாப் பயம். ஒம்பது வயசுல இருந்து. உன்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்." "அப்ப புதன்கிழமை ஓவர்டைமெல்லாம்?" "ஆமா." "நான் உங்க மேனேஜரை எத்தனை தடவை திட்டியிருக்கேன், பாவம்!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும். சிரித்து முடித்து, குரல் இறங்கி, "பயந்துட்டேவா எடுத்தீங்க?" என்றாள். "ஆமா." "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. இனி நீங்க அதைத் தொடவே வேண்டாம், நானே பார்த்துக்கறேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். "அதெப்படி? பாதியில எப்படி விடறது? அது என் தோள் வரைக்கும் வந்துருச்சு, தெரியுமா உனக்கு?" அவள் ஏதோ சொன்னாள், நான் கேட்கவில்லை, குடுவைக்குள்ளிருந்து போண்டா வெளியே வந்து, ஒரு மட்டைச் சில்லின் விளிம்பில் மூக்கை வைத்து அழுத்தித் தேய்த்தது. இடம் வலம், இடம் வலம். உதட்டோரம் வெள்ளையாக ஒரு இழை பிரிந்தது. "இரு, இரு கோகிலா. ஆரம்பிச்சுருச்சு." "என்னது? ஏனுங்க, பிச்சு வருதா?" "பேசாத, பார்த்துட்டிருக்கேன்." தலையிலிருந்து பின்னால், காலுறையை உருட்டிக் கழற்றுகிற மாதிரி, ஒரே சீராக, ஈரமாக, கிழியாமல். "கண்ணு? கண்ணைப் பாருங்க, கண்ணுத் தோலு வந்துருச்சா?" கண்ணாடியில் என் நெற்றி இடித்தது, அவ்வளவு கிட்டத்தில் போயிருந்தேன். "வருது" என்றேன். "ரெண்டும். சட்டையோட சேர்ந்தே வருது."